பிழை 0... அப்போ கிணறு யாருக்கு?

எங்கள் கிணறு சர்வே கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பெரியப்பாவோடு பல வருஷச் சண்டை. பழைய கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து, க்யூஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றினேன். கோயில், பாலம், முச்சந்தி என மூன்று இடங்களை சாட்டிலைட் படத்தோடு பொருத்தினேன். புள்ளிகள் எவ்வளவு விலகின என்று காட்டும் பிழைக் கணக்கு: 0! “நம்ம பக்கம்தான்” என்றார் அப்பா.

அங்கேதான் சிக்கல். ‘பாலினாமியல் 1’ முறைக்கு மூன்று புள்ளிகளே போதும். இடம் மாற்றிக் குறித்திருந்தாலும் 0 என்றுதான் காட்டும். நான்காவது புள்ளி வந்தால்தான் சோதனையே ஆரம்பம்.

மேலும் ஐந்து புள்ளிகள் வைத்தேன். சராசரிப் பிழை 7 பிக்சல். என் ஸ்கேனில் ஒரு பிக்சல் என்பது தரையில் சுமார் 1 மீட்டர். கிணற்றுக்கும் கோட்டுக்கும் இடைவெளியோ 3 மீட்டர்தான்!

விலகல் அதிகமுள்ள புள்ளிகளை அழித்தால் எண் குறையும், வரைபடம் சரியாகிவிடாது. (கை பரபரத்தது நிஜம்!) சர்வேயருக்கு மனு எழுதியாச்சு. அப்பாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.