இலைச்சாறும் சாயத்தொட்டியும்

வேகவதிக் கரையிலே திருப்பருத்திக்குன்றம். பெயரிலே பருத்தி, தறியிலே பட்டு! அங்குள்ள சமணக் கோயிலின் சங்கீத மண்டபம் 1387-இல் இருகப்பன் எழுப்பியது. அதன் கூரையில் தீட்டிய வண்ண ஓவியங்களைக் காண வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். பழைய வண்ணம் அழியாமல் காத்திடச் சட்டம் உண்டு. காஞ்சி வட்டாரச் சாயத்தொட்டிகளிலிருந்து ஓடும் புதிய வண்ணத்தை என்ன செய்வது? அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசையை நீக்குகிறான் தொழிலாளி. கழி கழியாகக் கொதிக்கும் சாயத்தில் முக்கிப் புரட்டுகிறான். நூல் குடித்தது போக மிச்சம் நிற்கும் நீர் எங்கே போகும்? பள்ளத்தைத் தேடித்தான் போகும். சேலை மணமேடைக்கு, கழிவு சேரிக் கிணற்றுக்கு!

இதற்கு விடை இலையிலே இருக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். வேடிக்கையல்ல, தோழர்களே. 2011-இல் நம் கோவை ஆய்வாளர்கள் சோற்றுக்கற்றாழைச் சாற்றைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைச் செய்து காட்டினார்கள். அதற்கு முன்னரே, 2004-இல், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் வேப்பிலைச் சாற்றால் வெள்ளி, தங்கத் துகள்களை உண்டாக்கியிருந்தனர்.

செய்முறை சமையலைப் போன்றது. இலையை வேகவைத்து வடிகட்டு, துத்தநாக உப்பைச் சேர், கூழாகும் வரை சூடாக்கு, உலையில் சுட்டெடு. வெண்பொடி கிடைக்கும். தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது ஒரு துகள்! கடுமையான இரசாயனங்கள் செய்யும் வேலையை இலையிலுள்ள துவர்ப்புப் பொருள்களே செய்கின்றன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடாமலும் தடுக்கின்றன. அந்தப் பொடியைச் சாய நீரில் கலந்து வெயிலில் வைத்தால், ஒளிபட்ட துகள் நீரிலே வேகமான வேதிப்பொருள்களைக் கிளப்பிவிடும். அவை சாயத்தின் மூலக்கூற்றைச் சிதைக்கும். நீலம் வெளுக்கும்.

நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கைதட்டிவிட்டுக் கலைந்துபோகும் கூட்டமல்ல நாம். கேட்க வேண்டியதைக் கேட்போம்.

ஆய்வகத்தில் பெரும்பாலும் வெளுப்பது எது? தூய நீரில் கரைத்த ஒரே ஒரு சாயம், ஒரு கண்ணாடிக் குவளை அளவு. பட்டறைக் கழிவிலோ பல சாயம், உப்பு, சோப்பு, சோடா எல்லாம் கலந்து கிடக்கின்றன. வெயிலிலும் இந்தப் பொடிக்கு வேலை கொடுப்பது புற ஊதாக் கதிர்தான். அது வெயிலில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. கோடையில் பறித்த இலையும் மழையில் பறித்த இலையும் ஒரே சாறு தருவதில்லை. ஆகவே பொடியும் ஒரே தரமாய் அமைவதில்லை. நீரைத் தெளிவித்த பிறகு பொடியைத் திரும்ப எடுக்காமல் விட்டால், துத்தநாகம் கரைந்து பாசியையும் மீனையும் வாட்டும். இன்னொன்று: நிறம் போனது வேறு, நஞ்சு போனது வேறு. சில அசோ சாயங்கள் பாதி சிதைந்தால் முன்னைவிடக் கொடிய பொருள்களாக மாறும். பசுமை என்று பெயர் சூட்டிவிட்டதாலேயே துத்தநாக உப்பு பச்சிலையாகிவிடுமா?

குறை சொல்லி ஒதுக்குவதற்காக இதை எழுதவில்லை. ஆய்வுக் கட்டுரை மலைபோல் குவிகிறது. சாயத்தொட்டிக்கோ அதில் ஒரு பிடி பொடிகூட வந்து சேர்வதில்லை. இதுவே நம் வழக்கு.

காலம் கடத்தினால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் காட்டியது. 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யலுக்காக வந்த தீர்ப்பு. அதில் நியாயம் இருந்தது. ஆனால் முதலில் வயிறு காய்ந்தவன் யார்? ஏற்றுமதி முதலாளியா? தொட்டியருகே நின்றவன்! காஞ்சியில் தறிக்காரன் பெரும்பாலும் கூலிக்காரன். சுத்திகரிப்பு நிலையம் கட்ட அவனிடம் பணம் ஏது?

ஆகவே அரசைக் கேட்கிறோம். பல்கலைக்கழகப் பொடியைக் காஞ்சியின் ஒரு சாயப்பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். ஓராண்டு, வெயிலிலும் மழையிலும், உண்மையான கழிவு நீரில் போட்டுப் பாருங்கள். நிறத்தை மட்டுமல்ல, நஞ்சையும் அளந்திடுங்கள். பொடியில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது, ஒரு குடம் நீருக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கைத் தமிழில் எழுதி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் ஒட்டுங்கள். செலவு அரசினுடையதாகவும், பட்டில் பெரும் இலாபம் பார்ப்பவர்களுடையதாகவும் இருக்கட்டும். கூலியில் ஒரு காசு பிடிக்கக் கூடாது.