தோட்டத்தில் ஒரு கொலை நடக்கட்டும்

இலக்கியக் கூட்டங்களில் யாரைப் படிக்கிறீர்கள் என்று கேட்டால் பலரும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்கள். க்ரைம் நாவலாசிரியர் ராஜேஷ்குமாரின் பெயர் அதில் வருவதே இல்லை. ஆனால், பினாங்கு மாநிலத்தின் புக்கிட் தெங்காவிலோ பிறையிலோ தமிழ் வாசிக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் பழைய அலமாரியில் ஒரு க்ரைம் நாவல் கிடைக்கும். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்து, ஊசிநூல் போட்டுத் தைத்து வைத்த கட்டு ஒன்றும் கிடைக்கும். பள்ளிப் பாடநூலுக்கு வெளியே பலரை முதன்முதலாகத் தமிழ் படிக்க வைத்தவர் தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லால்தான். அவர் தேநீர் குடித்துக்கொண்டே யோசிக்கும் இடத்தில் நாமும் கூடவே யோசித்தோம். இதைச் சொல்லக் கூச்சம் எதற்கு?

துப்பறியும் கதைக்குத் தமிழில் நூற்றாண்டைத் தாண்டிய வயது. பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன்' 1894இல் வந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் அச்சேறி அப்போது ஏழே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிறகு ஜே.ஆர்.ரங்கராஜுவின் கோவிந்தனும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் வந்தார்கள். சுஜாதாவின் வக்கீல் கணேஷ் 1968இல் குமுதத்தில் 'நைலான் கயிறு' தொடரில் அறிமுகமாகி, பத்து ஆண்டுகளில் 'ப்ரியா' படத்தில் ரஜினிகாந்தாக சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அந்தப் படத்தை இந்தப் பக்கத்து ஜனங்கள் சொந்த ஊர்ப் படம் போலவே கொண்டாடினார்கள்.

விமர்சகர்கள் இந்தக் கதைகளைப் படிக்கிறவரைச் சோம்பேறி என்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். பொழுதுபோக்குக்காகத் துப்பறியும் நாவலை எடுக்கிறவர் குறிப்பேடு வைத்துக்கொண்டு தடயங்களை எண்ணுவதில்லை, உண்மைதான். ஆனால், யார் எதை மறைக்கிறார், எந்தப் பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது, சாவி எந்தப் பக்கத்தில் கைமாறியது என்று அவர் மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. தீவிர நாவலைக்கூட இத்தனை விழிப்போடு வாசிக்கிறவர் குறைவு. ஆசிரியர் தன்னை ஏமாற்றப்போகிறார் என்று தெரிந்தே இந்த வாசகர் அவரை நம்பிப் பின்னால் போகிறார். அந்த நம்பிக்கைக்கு ஆசிரியரும் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும். ரோனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929இல் இதற்காகவே பத்து விதிகள் எழுதினார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும், தற்செயலான அதிர்ஷ்டத்தால் மர்மம் அவிழக் கூடாது என்பவை அவற்றில் இரண்டு. தேவனின் துப்பறியும் சாம்பு இரண்டாவதை முழுக்க மீறுகிறார். அதிர்ஷ்டம் மட்டுமே அவருடைய மூலதனம். இருந்தும் அவர் நிலைத்துவிட்டார், ஏனென்றால் தேவனுக்கு மனிதர்களைத் தெரியும்.

கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் மறுபடி படிக்கலாம். முதல் முறை யாரைச் சந்தேகிப்பது என்று பார்த்தோம். இரண்டாம் முறை, அந்த மனிதர் அத்தனை பேர் நடுவில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று பார்க்கிறோம். அப்போதுதான் அது நாவலாகத் தெரிகிறது.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். ஆங்கிலேயர்கள் துப்பறியும் கதைக்குத் தனித்த மாளிகை ஒன்றைத் தேடினார்கள். வெளியாள் வர முடியாத இடம், ஒருவரை ஒருவர் அறிந்த சிலர், எல்லோருக்கும் ஏதோ ஒரு ரகசியம். நம் ரப்பர் தோட்டம் அதைவிடக் கச்சிதமான களம். துரை பங்களா, கிராணி வீடு, லயம், கள்ளுக்கடை, கோயில். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது ஒருவர் மட்டும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த நிரையில் நின்றார் என்பதற்குக் கிராணியின் செக்ரோல் பதிவேடு சாட்சி. எத்தனை மணிக்கு மரம் சீவப்பட்டது என்பதற்கு மரத்தில் கட்டிய மங்கில் இருக்கும் பாலே சாட்சி, ஏனென்றால் பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். மங்கில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தால் மரம் சீவிச் சில மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்காது. இந்தத் தடயம் அகதா கிறிஸ்டிக்குக் கிடைக்காது. தோட்டத்தில் வளர்ந்த ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும்.

மற்றவர்கள் இந்நாட்டின் மர்மங்களை விட்டுவைக்கவில்லை. 1911இல் கோலாலம்பூரில் எத்தல் பிரவுட்லாக் என்ற ஆங்கிலேயப் பெண் வில்லியம் ஸ்டூவர்ட் என்பவரைச் சுட்டுக் கொன்றார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, சிலாங்கூர் சுல்தானால் மன்னிக்கப்பட்டார். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் அதைச் சிறுகதையாக்கினார். பினாங்கில் பிறந்த தான் துவான் எங் அந்த வழக்கையும் மாமையும் சேர்த்துப் பினாங்கில் வைத்து எழுதிய ஆங்கில நாவல் 2023 புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுனில் பத்து நாள் நடந்த கலவரம் இன்னொரு சுரங்கம். சீன ரகசியச் சங்கங்கள் இரண்டும் அவற்றோடு கூட்டுச் சேர்ந்த வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிச் சங்கங்களும் தெருவில் மோதின. அந்தத் தெருக்களில் நம்மவர்களும் வாழ்ந்தார்கள். அந்த நாட்களைப் பற்றித் தமிழில் ஒரு துப்பறியும் நாவல் படிக்க எனக்கு மிகுந்த ஆசை.

பழங்கதைதான் வேண்டும் என்பதில்லை. புக்கிட் தெங்கா நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஒரு பக்கம் பட்டர்வொர்த், மறுபக்கம் புக்கிட் மெர்தாஜாம். இடையில் தொழிற்பேட்டைகள், இரவு ஷிப்டுக்கு ஆளேற்றும் பேருந்துகள், பல நாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகள். ஒருவருக்கொருவர் மொழி தெரியாத ஐந்து பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் காணாமல் போனால் யாரிடம் போய் விசாரிப்பது? இந்தக் கேள்வியைத் தொட்டு எழுதுகிற துப்பறியும் நாவல், நம் இலக்கியம் இன்னும் கேட்காத பலவற்றையும் சேர்த்துக் கேட்டுவிடும்.

நூல் அறிமுகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொலையாளியின் பெயரைச் சொல்லாதீர்கள். பழைய புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பென்சிலால் அதை எழுதி வைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அடுத்து வாசிக்க வருகிறவரின் சொத்தைப் பறிப்பது.

எழுதுகிறவர்களுக்கு: மூவாயிரம் சொற்களுக்குள் ஒரு துப்பறியும் கதை அனுப்புங்கள். களம் இந்த மாநிலத்தில் இருக்கட்டும். குற்றவாளி முதல் சில பக்கங்களுக்குள் வந்துவிட வேண்டும். தடயம் எல்லாம் வாசகர் கண்ணெதிரே கிடக்க வேண்டும். பேயும் கனவும் வழக்கைத் தீர்க்கக் கூடாது. அடுத்த இதழில் இதற்கென்றே பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.