முந்நூறு ரூபாய் ஜாய்ஸ்டிக்கும் இரண்டாவது ஆட்டக்காரனும்

கம்ப்யூட்டர் இருக்கிற வீடுகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. நல்ல ஜாய்ஸ்டிக் வீட்டுக்காரனுக்கு, லொடலொட ஜாய்ஸ்டிக் வந்தவனுக்கு. (கேம்பேட் என்றுதான் சொல்ல வேண்டுமாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் "கேம்பேட் இருக்கா?" என்று கேட்டாலும் கடைக்காரர் உள்ளே திரும்பி "டேய், அந்த ஜாய்ஸ்டிக்க எடு" என்றுதான் குரல் கொடுப்பார். அதனால் இங்கேயும் ஜாய்ஸ்டிக்கே.) அண்ணன் தம்பி இருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம், லொடலொட எப்போதும் தம்பிக்குத்தான். "அது லெஃப்ட்ல கொஞ்சம் இழுக்கும்டா, பழகிக்கோ" என்று ஒரு வரி கோச்சிங்கும் இலவசம் :)

தம்பி தோற்பான். ஃபிஃபாவில் ஐந்து கோல் வாங்குவான். அவன் ஆட்டம் மோசமா, கையில் இருந்த பொருள் மோசமா என்பது அண்ணனுக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது. நாலு மாதம் இப்படியே போனால், "எனக்கு கேம் எல்லாம் வராதுப்பா" என்று எழுந்து போய்விடுவான்.

மலிவு ஜாய்ஸ்டிக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "சீக்கிரம் போயிடும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். போனால் பரவாயில்லையே! முந்நூறு ரூபாய், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். போகாமல் முக்கால்வாசி வேலை செய்துகொண்டு, மீதி கால்வாசியை ஆடுகிறவன் தலையில் கட்டுகிற ஜாய்ஸ்டிக்கோடுதான் சண்டை.

அது எப்படி ஏமாற்றுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். பின்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றினால், குச்சிக்கு அடியில் இரண்டு குட்டி பொட்டன்ஷியோமீட்டர் தெரியும். பழைய ரேடியோவில் வால்யூம் கூட்டிக் குறைக்கிற சமாசாரம்தான். கரி பூசிய ஒரு பாதை, அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு உலோக நாக்கு. குச்சியை இடம் வலமாக அசைத்தால் ஒன்று திரும்பும், மேலும் கீழுமாக அசைத்தால் இன்னொன்று. நாக்கு நிற்கிற இடத்தைப் பொறுத்து வோல்டேஜ் மாறும். அந்த வோல்டேஜை உள்ளே இருக்கிற சில் 0 முதல் 255 வரை ஒரு எண்ணாக மாற்றி கம்ப்யூட்டருக்கு அனுப்பும். குச்சியைத் தொடாமல் விட்டால் 127 அல்லது 128 வரவேண்டும். அதுதான் நடு.

தாத்தா வீட்டு ரேடியோவில் வால்யூமைத் திருகும்போது கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அது கரி தேய்ந்ததற்கும் தூசி சேர்ந்ததற்கும் அடையாளம். அதே தேய்மானம்தான் இங்கேயும். ஆனால் ஜாய்ஸ்டிக்கில் சத்தம் வராது. 128க்குப் பதிலாக 141 என்று போய்ச் சேரும். கார் தானாக வலது பக்கம் ஒதுங்கும். பேட்ஸ்மேன் பந்து வருவதற்கு முன்பே ஒரு பக்கம் நகர்ந்து நிற்பான். திரையில் பார்க்கிறவனுக்கு அது ஆடுகிறவனின் கைத்தவறாகத்தான் தெரியும்.

தேய்வதற்குக் கொஞ்ச நாள் ஆகும். மட்டமான சரக்கில் முதல் நாளே இருக்கிற கோளாறு வேறு. குச்சியைப் பாதி தூரம் சாய்த்ததுமே எண் 255ஐத் தொட்டுவிடும், மீதிப் பாதி தூரம் வெறும் அலங்காரம். 2005ல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வாண்டடை இதில் ஓட்டிப் பார்த்தால் புரியும். மெதுவாக ஒடிக்க வேண்டிய வளைவில் ஒன்று நேராகப் போகும், இல்லாவிட்டால் சுவரில் போய் முட்டும். நடுவில் எதுவும் கிடையாது. இதைத்தான் கீபோர்டின் அம்புக்குறி இலவசமாகவே செய்கிறதே, எதற்கு முந்நூறு ரூபாய்?

கிரிக்கெட் 07ஐ இங்கே சொல்லாமல் விட்டால் ஹாஸ்டல் மக்கள் மன்னிக்க மாட்டார்கள். 2006 இறுதியில் வந்த அந்த விளையாட்டில் 'செஞ்சுரி ஸ்டிக்' என்று புதிதாக ஒன்று வைத்தார்கள். இடது குச்சி காலுக்கு, வலது குச்சி மட்டைக்கு. எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் ஷாட். அருமையான யோசனை. ஆனால் நம் ஊரில் அந்த விளையாட்டை ஆடியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பெரும்பாலோர் கீபோர்டிலேயே ஆடித் தீர்த்தார்கள். ஜாய்ஸ்டிக் வாங்கியவர்களிலும் பலர், நினைத்த திசைக்கு ஷாட் போகாததால் கீபோர்டுக்கே திரும்பினார்கள். ஒரு விளையாட்டின் நல்ல பாதியை மட்டமான குச்சி மூடி மறைத்துவிட்டது.

"முந்நூறு ரூபாய்க்கு வேறென்னப்பா எதிர்பார்க்கிறது?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அந்த முந்நூறு ரூபாய் உள்ளே எங்கெங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். அதிர்வதற்கு இரண்டு மோட்டார். நடுவில் 'அனலாக்' என்று ஒரு பட்டன், அதற்கு ஒரு சிவப்பு விளக்கு. 'டர்போ' என்று ஒன்று, அதை ரத்து செய்ய 'கிளியர்' என்று இன்னொன்று. உருவத்துக்கு 1997ல் சோனி கொண்டுவந்த டூயல்ஷாக்கின் அச்சு அசல் நகல். அதிர்வு மோட்டார் வேலை செய்ய டிரைவர் போடவேண்டும், அதற்கு உள்ளங்கை அகல மினி சிடி ஒன்று பெட்டிக்குள் கிடக்கும். அதைப் போட்டு இன்ஸ்டால் செய்தவர்கள் எத்தனை பேரோ! இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி போட இடமே இல்லை. மோட்டார் மட்டும் சும்மா உட்கார்ந்து கனம் காட்டிக்கொண்டிருக்கும்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது கனமாக இருந்தால் "நல்லா இருக்கே" என்று தோன்றும். விளக்கு எரிந்தால் "வேலை செய்யுதே" என்று தோன்றும். இரண்டும் விற்பனைக்காக வைத்தவை. ஆடுகிறவனின் விரல் படுகிற மூன்று இடங்கள் குச்சி, பட்டனுக்குக் கீழே இருக்கும் ரப்பர், நாலு திசைச் சிலுவை. கையை வைத்தது அந்த மூன்றிலும்தான். காசு குறைவாக இருப்பது தப்பே இல்லை. குறைவான காசில் பாதியைக் கண்காட்சிக்குச் செலவு செய்ததுதான் எரிச்சல்.

பெயரைப் பார்த்து வாங்கலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. பெட்டி மேல் பத்து விதமான பெயர் இருக்கும். செருகிவிட்டு கம்ப்யூட்டரில் அதன் யுஎஸ்பி எண்ணைப் பார்த்தால் பலவற்றில் ஒரே எண், 0079. டிராகன்ரைஸ் என்ற சில் தயாரிப்பாளரின் அடையாள எண் அது. லினக்ஸ் கெர்னலில் இந்த ரகத்துக்கென்றே தனியாக ஒரு டிரைவர் எழுதி வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு ஊர் உலகமெல்லாம் பரவிய சரக்கு. எனவே "அந்த கம்பெனி மோசம், இந்த கம்பெனி பரவாயில்லை" என்று அடித்துக்கொள்வதில் பல நேரம் அர்த்தமில்லை. ஒரே வீட்டுச் சாம்பார், வேறு வேறு கிண்ணம்.

2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது. அதோடு விண்டோஸில் எக்ஸ்இன்புட் என்ற புது முறையையும் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அதுவரை இருந்தது டைரக்ட்இன்புட். பழைய முறையில் எந்த பட்டன் எதற்கு என்று ஆடுகிறவனே உட்கார்ந்து பொருத்திக்கொள்ள வேண்டும். புது முறையில் எல்லாம் தானாகப் பொருந்தும், ஆனால் எக்ஸ்பாக்ஸ் பாணி ஜாய்ஸ்டிக்குகள் மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். 2000களின் பிற்பகுதியில் வந்த பல விளையாட்டுகள் புது முறையை மட்டுமே ஏற்றுக்கொண்டன. முந்நூறு ரூபாய் ஜாய்ஸ்டிக் செருகப்பட்டிருக்கும், விளக்கும் எரியும், விளையாட்டுக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பையன்கள் அது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். பாவம், அந்த விஷயத்தில் மட்டும் அது நிரபராதி. எக்ஸ்360சிஇ என்ற ஒரு சின்ன மென்பொருளை விளையாட்டு இருக்கிற ஃபோல்டருக்குள் போட்டால் அது எக்ஸ்பாக்ஸ் வேஷம் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகும் திரையில் 'ஏ பட்டனை அழுத்து' என்று வரும், கையில் இருப்பதிலோ 1, 2, 3, 4 என்றுதான் போட்டிருக்கும். சோனியின் முக்கோணம் வட்டமெல்லாம் சோனியுடைய சொத்து, அதனால் நகலில் எண். கணக்கு வாத்தியார் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு ஆடவேண்டும் :)

விலை அதிகமான பொருள் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கூட்டம் சொல்லும். அவர்களுக்கும் சேர்த்து ஒரு செய்தி. மைக்ரோசாஃப்ட் விளையாட்டு எழுதுகிறவர்களுக்குத் தருகிற எக்ஸ்இன்புட் கோப்பில், குச்சி நடுவிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தாலும் கண்டுகொள்ள வேண்டாம் என்று ஒரு அளவு இருக்கிறது. 32767ல் இடது குச்சிக்கு 7849, வலது குச்சிக்கு 8689. அதாவது சாய்வில் ஏறக்குறைய கால் பங்கை வீசிவிடு என்று தயாரித்தவர்களே யோசனை சொல்கிறார்கள். அதே கரிப்பாதைதான் அங்கேயும், கொஞ்சம் தரமான கரி, அவ்வளவுதான். நின்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்-கான் குச்சிகள் தானாக இழுத்ததில் அமெரிக்காவில் 2019ல் வழக்கே போட்டார்கள், 2020 ஜூனில் அந்நிறுவனத் தலைவர் ஃபுருகாவா மன்னிப்புக் கேட்டார். எக்ஸ்பாக்ஸ் 360 ஜாய்ஸ்டிக்கின் திசைச் சிலுவையைத் திட்டாத ஆளில்லை. 2010ல் அதை மாற்றி வேறு மாதிரி ஒன்றை மைக்ரோசாஃப்டே வெளியிட வேண்டியதாயிற்று.

வேடிக்கை என்னவென்றால் இதற்கு மருந்து 1998லேயே இருந்தது. அந்த வருடம் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் ஜாய்ஸ்டிக்கில் கரியும் இல்லை, உரசலும் இல்லை. காந்தம் நகர்வதை ஹால் சென்சார் உணர்ந்து சொல்லும். ஒன்றையொன்று தொடாததால் தேய்வதற்கு அங்கே எதுவும் கிடையாது. அதற்குப் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் பெரிய கம்பெனிகள் கரிப்பாதையையே விற்றுக்கொண்டிருந்தன. ஹால் குச்சியை மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது 2020களில் கூலிகிட், கேம்சர், 8பிட்டூ போன்ற சீனத்துச் சின்ன கம்பெனிகள்தான். 2024ல் 8பிட்டூ வெளியிட்ட அல்டிமேட் 2சி 30 டாலர்தான், அதில் ஹால் குச்சி இருந்தது. மலிவு என்றால் மட்டம்தான் என்று சொல்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டாம். பெரிய பெயர்காரர்கள் செய்யாததை மலிவுக்காரர்கள் செய்தார்கள்.

முந்நூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால்? அந்த விலைக்குக் காந்தம் கேட்க முடியாது. ஆனால் குச்சியே இல்லாத ஜாய்ஸ்டிக் கேட்கலாம். ஒரு சிலுவை, ஆறோ எட்டோ பட்டன், நல்ல ரப்பர், உறுதியான ஒயர். 1982ல் நின்டெண்டோவின் கும்பெய் யோகோய் டாங்கி காங் கையடக்க விளையாட்டில் வைத்த அந்தச் சிலுவை, அடியில் ரப்பரும் கரிப்பொட்டும் மட்டும் வைத்தே பல வருடம் தாங்கும். அழுக்குப் படிந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். டெக்கன் 3 மாதிரி சண்டை விளையாட்டுக்கும் பழைய மாரியோ வகையறாக்களுக்கும் அதுவே தாராளம். இப்படிப்பட்ட பொருள் சந்தையில் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் இரண்டு குச்சியும் விளக்கும் அதிர்வுமாக ஒன்று அதே விலைக்கு மினுக்கிக்கொண்டு நிற்கும்போது, பள்ளிக்கூடத்துப் பையன் கை எதை நோக்கிப் போகும் என்று கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

குச்சி வைத்ததுதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் ஒரு வேலை செய்யலாம். கடையில் கம்ப்யூட்டர் இருக்கும், செருகிக் காட்டுவார்கள். 'டிங்' என்று சத்தம் வந்ததும் "ஓகே தம்பி, வேலை செய்யுது, எடுத்துக்கோ. கேரண்டி கிடையாது" என்பார்கள். அங்கே அசையாமல் நிற்க வேண்டும். ரன்னில் ஜாய்.சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் சோதனைப் பெட்டி திறக்கும், உள்ளே ஒரு சின்னக் கூட்டல் குறி. குச்சியை மெதுவாகச் சாய்த்தால் குறியும் மெதுவாகப் போகவேண்டும். பாதியிலேயே ஓரத்துக்குத் தாவினால் அது வேண்டாம். குச்சியைச் சுண்டி விட்டால் குறி நடுவுக்கே திரும்பவேண்டும், நாலு பக்கமும் சுண்டி நாலு தடவையும் பார்க்கவேண்டும். மொத்தம் மூன்று நிமிடம். கடைக்காரர் முறைப்பார், பின்னால் நிற்கிறவர் உச்சுக்கொட்டுவார். "முந்நூறு ரூபா பொருளுக்கு இவ்ளோ டெஸ்டா?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும்.

முதலாவது இழுக்கும். இரண்டாவதில் எண் தாவும். மூன்றாவதோ நாலாவதோ சரியாக நிற்கும். ஒரே பெட்டி, ஒரே கம்பெனி, ஒரே விலை! அதை வாங்கிக்கொண்டு வந்து, அடுத்த மேட்சில் தம்பி கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.