புல்கெண்டைக்கு முதல் தீனி

மீன் குஞ்சைக் குட்டையில் விட்ட கையோடு தவிட்டையும் புண்ணாக்கையும் அள்ளிக் கொட்டும் விவசாய அன்பர்கள் பலர். பசியோடு வந்திருக்குமே என்ற இரக்கம்! இரக்கம் சரி, முறை சரியல்ல. மிரண்டு வந்த குஞ்சு அன்று சரியாகத் தின்னாது. தீனி அடியில் அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்துவிடும். குஞ்சு வாங்கிய பணமும் அதோடு போகும்.

சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரகடத்தில் ஷிப்டு பார்த்துக்கொண்டே மீன் வளர்க்க நினைப்பவர், நேரம் கிடைத்ததென்று உச்சி வெயிலில் பையை அவிழ்க்கக் கூடாது. காலையோ மாலையோதான் நல்லது. கட்டிய பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு குட்டை நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, குஞ்சு தானே நீந்திப் போக விட வேண்டும்.

1959-ல் ஹாங்காங்கிலிருந்து நம் நாட்டுக்கு வந்த புல்கெண்டைக்குப் பச்சைத் தீனிதான் பிரியம். பவளப்பாறைப் பாசியை மேயும் டாங் என்ற கடல் மீனைத் தொட்டியில் பழக்குவோரும், கடற்பாசியைக் கட்டித் தொங்கவிட்டே அதைத் தின்ன வைக்கிறார்கள். நாமும் மூங்கில் சட்டத்துக்குள் ஒரு கைப்பிடி அசோலாவை மிதக்க விடலாம். மறுநாள் தீர்ந்திருந்தால் கூட்டுங்கள், மிஞ்சியிருந்தால் குறையுங்கள். மீன் வளர்ந்தபின் நேப்பியர் புல்லை நறுக்கிப் போடலாம். மருந்தடித்த வயலின் புல் மட்டும் வேண்டவே வேண்டாம்.