பறவை பார்க்க காரில் கிளம்புறீங்களா? முதல்ல ஏரியில் தண்ணி இருக்கான்னு கேளுங்க!

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பியதும் தமிழ்நாட்டில் இன்னொரு சீசன் தொடங்கிவிடுகிறது. வேடந்தாங்கல், கழுவேலி, கோடியக்கரை, வேட்டங்குடி, கூந்தன்குளம் என ஊர்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு, பைனாகுலரோடு காரில் கிளம்பும் பறவைப் பயணம்தான் அது. இந்தியாவிலேயே அதிகமாக, 20 ராம்சர் தலங்கள் இங்கே இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் பறவைகள் சரணாலயங்கள்.

ஆனால், அந்தச் சரணாலயங்களில் பல பூங்கா மாதிரி உருவாக்கப்பட்டவை அல்ல. ஊர் வயலுக்குத் தண்ணீர் விடும் ஏரி, கண்மாய்கள். பயணத் திட்டம் போடுபவர்கள் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

எப்போ போகலாம்?

'நவம்பர் முதல் மார்ச் வரை' என்பது பொதுவான பதில். சரியான பதில், 'தண்ணீர் நின்ற பிறகு'. நீரில் நிற்கும் மரங்கள்தான் கூடுகளுக்குப் பாதுகாப்பு. சுற்றிலும் மீன், நத்தை, தவளை கிடைத்தால்தான் குஞ்சுகளுக்கு இரை. மழை பொய்த்தால் பறவைகள் வேறு நீர்நிலை தேடிப் போய்விடும். தெற்கே கூந்தன்குளத்தில் கூடு கட்டும் காலம் கோடை வரைகூட நீளும். அதனால் ஒரே வாரத்தில் எல்லா ஊரையும் 'முடிச்சிடலாம்' என்பது நடக்காது. கிளம்பும் முன் அந்தந்த ஊர் வனச்சரக அலுவலகத்தில் நீர் நிலவரம் கேட்பது நல்லது.

கூட்டில் இருப்பது வெளிநாட்டுப் பறவையா?

பெரும்பாலும் இல்லை. வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் இந்தியாவிலேயே வாழ்பவை. வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் ஊசிவால் வாத்து, பட்டைத்தலை வாத்து போன்றவை இங்கே கூடு கட்டுவதில்லை. இரை தேடி, குளிர்காலம் கழித்துத் திரும்பிவிடும். வித்தியாசம் முக்கியம். விருந்தாளிக்குத் திறந்த நீர்ப்பரப்பு போதும். கூடு கட்டும் பறவைக்கு மரமும் வேண்டும், பல மாத அமைதியும் வேண்டும்.

இத்தனை நாள் காத்தது யார்?

சட்டத்துக்கு முன்பே ஊர் காத்தது. வேடந்தாங்கலில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள். பாசம் மட்டும் காரணமல்ல. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற விவசாயிகளின் அனுபவ அறிவும் அதில் இருந்தது.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பல பதிற்றாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி கிடையாது. கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. நாற்றம், சத்தம், எச்சம் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு, விழுந்த குஞ்சையும் எடுத்துக் காப்பாற்றுகிறது ஊர்.

அப்புறம் என்ன சிக்கல்?

பயணி பார்ப்பது ஏரியை மட்டும். பறவை வாழ்வது ஏரியையும் சுற்றியுள்ள வயல்களையும் சேர்த்து. வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். அதில் அடையும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு அங்கே மட்டும் இரை போதாது. பகலெல்லாம் அக்கம்பக்கத்து ஏரி, வயல்களுக்குப் பறந்து போய்த்தான் குஞ்சுக்கு இரை கொண்டுவருகின்றன. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் நியாயம் இதுதான். 2020இல் அதை 3 கி.மீ. ஆகக் குறைக்கும் திட்டம் வந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியதும் இதனால்தான்.

சுற்றுலா என்றாலே காட்சிக் கோபுரமும் பார்க்கிங்கும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடந்தால், கோபுரத்தில் ஏறிப் பார்க்க வெறும் சேறுதான் இருக்கும். ஏரியைச் சுற்றிய வயல் மனையாகிவிட்டால், மரம் இருந்தும் கூடு இருக்காது. ஊர்மக்கள் வெடியை விட்டுக்கொடுக்க, வருமானம் மட்டும் வெளியூர் ரிசார்ட்டுக்குப் போனால், இந்தப் பொறுமை எத்தனை தலைமுறைக்குத் தாங்கும் என்பதும் கேள்வி.

போறவங்க என்ன செய்யலாம்?

விடியற்காலை அல்லது மாலை நேரம் நல்லது. ஹாரன், ட்ரோன், சத்தமான பாட்டு வேண்டாம். போட்டோவுக்காகக் கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அந்த நேரத்தில் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இலக்காகும். ஃபோனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் அதற்குத் தொந்தரவுதான். சாப்பாடு, தங்குமிடம், வழிகாட்டி எல்லாம் முடிந்தவரை அந்த ஊரிலேயே தேடலாம். பறவைக்கு இடம் கொடுத்த ஊருக்கு நாலு காசு கிடைத்தால், அடுத்த வருஷமும் அங்கே பறவை பார்க்கலாம்.