எழுத்தும் முழு நூலும்

"இப்படித்தான் எழுதியிருக்கிறது" என்று ஒருவர் விரல் வைத்துக் காட்டினால், அந்த விரல் மறைக்கும் அடுத்த வரியையும் வாசித்துப் பார்க்க வேண்டும். பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்த பாடங்களுள் இது ஒன்று.

2018 நவம்பர் 9ஆம் திகதி, அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். 2015 செப்டெம்பரில் முதன்முறை கூடிய சபை அது. கலைக்கும் அதிகாரம் சனாதிபதிக்கு உண்டென்று அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரை எழுத்திலேயே கூறுகிறதே என்றனர் அவருக்காக வாதாடியோர். உண்மைதான், கூறுகிறது. ஆனால் அதே நூலின் 70ஆம் உறுப்புரை, அன்றிருந்த வடிவில், நாலரை ஆண்டுகள் நிறையுமுன் கலைப்பதாயின் நாடாளுமன்றமே மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் கோர வேண்டும் என்றது. டிசெம்பர் 13ஆம் திகதி, உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் அக்கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானதென ஒருமனதாகத் தீர்த்தனர்.

இங்கே எழுத்தை உணர்வு வென்றது என்று கூறுவோரோடு நான் உடன்படேன். நாலரை ஆண்டு என்பதும் எழுத்துத்தான். ஒரு வரியை முழு நூல் வென்றது என்பதே சரி.

வேத நூல்களுக்கும் இது பொருந்தும். கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்னும் விதி யாத்திராகமத்தில் உள்ளது. பழிவாங்கத் துடிப்போர் இன்றும் அதையே எடுத்துக்காட்டுவர். ஆனால் அந்நூலுக்கு உரியவர்களான யூத அறிஞர்கள், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னாவிலேயே, உறுப்பைச் சேதப்படுத்தியவன் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று வகுத்துவிட்டனர். அதற்கு அவர்கள் காட்டிய நியாயங்களுள் ஒன்று கவனிக்கத்தக்கது. கொலையாளியின் உயிருக்கு மீட்புப் பணம் வாங்கலாகாது என்கிறது எண்ணாகமம். அப்படியாயின் உறுப்புக்கு வாங்கலாம் என்பதுதானே பொருள் என்றனர். அவர்கள் எழுத்தைக் கைவிடவில்லை. இன்னொரு எழுத்தையும் சேர்த்து வாசித்தனர்.

ஆகவே, எழுத்தின்படியே நடப்போம் என்போரைக் கண்டு நான் அஞ்சுவதில்லை. தமக்கு வேண்டிய எழுத்தின்படி மட்டும் நடப்போரைக் கண்டே அஞ்சுகிறேன். வலியவனுக்கு எழுத்து இல்லாவிட்டாலும் வேறு வழியுண்டு. எளியவனின் கையிலிருப்பது பெரும்பாலும் அந்த எழுத்து ஒன்றுதான்.

நம்மையே எடுத்துக்கொள்வோம். தமிழும் அரசகரும மொழி என்று 18ஆம் உறுப்புரையில் 1987இல், 13ஆவது திருத்தத்தின்மூலம் எழுதப்பட்டது. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும், அவரிடமிருந்து தமிழில் கடிதம் பெறவும் ஒருவருக்கு உரித்துண்டு என்கிறது 22ஆம் உறுப்புரை. நான் ஓர் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தது. பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவரைக் கொண்டு அதை வாசித்தறிந்தேன்.

அரசியலமைப்பின் ஒற்றையாட்சி என்ற சொல்லில் ஓர் எழுத்தும் மாறலாகாது என்று முழங்குவோர் நம் நாட்டில் பலர் உளர். "தமிழும்" என்பதிலுள்ள அந்த உம்மைக்காகவும் அவர்கள் ஒருநாள் முழங்கக் கேட்க வேண்டும்.