படம் முதலா, காணி முதலா?

நாட்டின் நிலப்படங்களைக் கணினியில் ஏற்றுவதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்குவதை நாம் எதிர்க்கவில்லை. 1800ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நில அளவைத் திணைக்களத்தின் பழைய தாள்கள் கறையானுக்கு இரையாகாமல் காக்கப்பட வேண்டியவையே. ஆயின், அப்பணம் எவ்வேலைக்குச் செலவாகின்றது என்று கேட்கும் உரிமை, வரி கொடுக்கும் ஒவ்வொரு கமக்காரனுக்கும் உண்டு.

கணக்கொன்றைப் பாருங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்புக் காணி சதுரமாயிருப்பின் அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 16 மீற்றர். ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவில் வரைந்த தேசப்படத்தில் அப்பக்கம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கே! பென்சிற் கோடொன்றின் தடிப்புக்குள் நம் வேலியும் கிணறும் மறைந்துவிடும். அப்படத்தைக் கணினித் திரையில் எத்துணை பெருப்பித்தாலும் கோடு பெருக்குமேயன்றி எல்லை தெளியாது. தாளில் உள்ள பிழை திரையிலும் பிழையே.

ஆகவே, காணிக்கு வேண்டியது தாளைப் படம்பிடிக்கும் வேலையன்று. உரியவனை உடன் நிறுத்தி நிலத்தை அளக்கும் வேலை. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டமும், அதனை நடைமுறைப்படுத்த 2007இல் தொடங்கிய 'பிம் சவிய' திட்டமும் அளவைப்படத்தையே உரித்தின் அத்திவாரமாகக் கொண்டுள்ளன. அத்திவாரம் கோணினால் அதன்மேல் எழும் வீடு நேராக நிற்குமோ?

இஃது வெறும் அச்சமன்று. 2025 மார்ச் 28ஆந் திகதி வர்த்தமானி அறிவித்தலொன்று வெளிவந்தது. வடமாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிடின், அவை அரச காணியாகக் கொள்ளப்படலாம் என்பதே அதன் பொருள். போரில் இடம்பெயர்ந்து உறுதியை இழந்தவனும், கடல்கடந்து வாழ்பவனும் அக்காலத்துக்குள் எங்ஙனம் வந்து வழக்குரைப்பான்? உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது. படத்தில் வெறுமையாகத் தோன்றும் நிலம் உரியவனில்லாத நிலமன்று என்பதே இதனால் நாம் கற்ற பாடம்.

எனவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, வரவுசெலவுத் திட்டத்தில் கணினிக்கும் மென்பொருளுக்கும் ஒதுக்கும் தொகையையும், வயலில் இறங்கி அளக்கும் நில அளவையாளருக்கு ஒதுக்கும் தொகையையும் வெவ்வேறாகக் காட்டுக. இரண்டாவது, ஊரின் பெயரும் காணியின் பெயரும் அவ்வூரார் வழங்கும் தமிழிலேயே படத்தில் பொறிக்கப்படுக. மூன்றாவது, எப்படமும் முடிவாகு முன்னர் பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலர் பணிமனையிலும் வைக்கப்பட்டு, ஆட்சேபணைக்குப் போதிய அவகாசம் அளிக்கப்படுக.

நம்மவர்க்கும் ஒரு கடமையுண்டு. உறுதி பெட்டிக்குள் உறங்கினாற் போதாது. எல்லையில் நிற்பது எவர் காணி, வாய்க்கால் எப்பக்கம், வழி எவருக்குரியது என்பதையெல்லாம் அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்பொழுதே எழுதி, நொத்தாரிசிடமோ சட்டத்தரணியிடமோ காட்டி ஒழுங்கு செய்க. அளவையாளர் வரும் நாளில் காணியில் நில்லுங்கள். நீங்கள் இல்லாத இடத்தில் வரையப்படும் கோடு, நாளை உங்களுக்கு எதிரான சான்றாகும்.